வலது காலால் படம் பார்த்தவர்

மலையிலிருந்து ஒரு லொறி பறந்து வருகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பறக்கிறது. கீழே ஆறு. பாலம் பாதியில் உடைந்து நிற்கிறது. உள்ளே ஹீரோ ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான், மறு கையால் வில்லனுடைய ஆளின் கழுத்தைப் பிடித்திருக்கிறான். லொறி அக்கரையில் வந்து விழுந்தது. இரண்டு தரம் குலுங்கிவிட்டு ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

மழைப் பிற்பகல். நான் வாசலில் நின்று துணி பிழிந்தபடி டிவியைப் பார்த்தேன். பிறகு டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஆனால் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. லேசாக அல்ல. குதியை ஊன்றி, தொடை நரம்பு புடைக்க, மூச்சை அடக்கிக்கொண்டு மிதித்தார். லொறி நின்ற பிறகுதான் காலை எடுத்தார்.

எங்கள் வீட்டுத் தரை சிவப்பு பொலிஷ் போட்டது. அந்தக் கதிரைக்கு முன்னால் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் சிவப்பு தேய்ந்து சாம்பல் தெரிந்தது. கதிரைக் கால் பட்டுத் தேய்ந்தது என்று நினைத்து நான் அதற்கு மேலே மேலே பொலிஷ் பூசிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக!

போன வாரம் இந்தப் பத்தியை மார்க்கெட்டில் நடந்த சண்டையோடு நிறுத்தியிருந்தேன். அது எங்கேயும் ஓடிப்போகாது, இருக்கட்டும். இந்த வாரம் இந்தக் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் எனக்கே விளங்குமோ என்று ஓர் ஆசை.

சீனாக்காரன் சொன்ன மாப்ளே

லொறி ட்ரைவர் சண்டைப் படங்களில் இத்தனை வகை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. பனிமலையில் லொறி ஓட்டுகிறவன். பாலைவனத்தில் ஓட்டுகிறவன். வெடிமருந்து ஏற்றிக்கொண்டு குலுங்காமல் ஓட்டுகிறவன். தங்கையைக் கடத்தியவனை ஏழு ஊர் தாண்டித் துரத்துகிறவன். எல்லா நாட்டுக்காரனுக்கும் தமிழில் குரல் கொடுத்து விட்டிருக்கிறார்கள். ஒரு சீனாக்காரன் பனியில் விறைத்துக்கொண்டே, "டேய் மாப்ளே, டீசல் இருக்காடா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை.

அதுதான் என்னைக் கலக்கியது. ஏனென்றால் லொறி ட்ரைவரான இந்த மனுசன் படம் பார்க்கிற விதமே வேறு.

கல்யாணமான புதிதில் டவுனில் ஒரு தியேட்டருக்கு என்னைக் கூட்டிப் போனார். அதுவும் லொறிப் படம்தான். ஹீரோ மலையில் ஏறும்போது இவர் சீட்டிலிருந்து எழும்பி, "டேய், ரெண்டுல போடுறா, எஞ்சின் அழுவுது!" என்று கத்தினார். பின்வரிசையில் ஒருவர், "அண்ணே, வேணும்னா நீங்களே உள்ள போயி ஓட்டிக் கொண்டாந்து நிப்பாட்டிட்டு வாங்களேன்" என்றார். தியேட்டரே சிரித்தது. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். இவர் விடவில்லை. "வந்தா ஒங்கள முன்னுக்கு ஏத்த மாட்டேன், பின்னால மரக்கறி மூட்டையோட ஏத்திருவேன்" என்றார்.

அப்படிப்பட்டவர் இப்போது வாயே திறக்காமல் பார்க்கிறார்.

எங்கள் வீடு கண்டியில், ஹந்தானை மலைக்கு ஏறுகிற ரோட்டில், முதல் வளைவுக்குக் கொஞ்சம் கீழே. எந்த வாகனம் ஏறினாலும் கியர் மாற்றுகிற சத்தம் குசினி வரை கேட்கும். சோறு சாப்பிட்டுக்கொண்டே, "பிந்தி மாத்துறான், கிளட்ச் தீயும்" என்பார். "புதுப் பையன், பழகிருவான்" என்பார். ஏறுகிற லொறிக்கெல்லாம் வீட்டிலிருந்தபடியே பாஸ், ஃபெயில் போடுகிற மனுசன். விபத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

இறம்பொடையில் நடந்தது

விபத்து என்றா சொல்வது? ஊர் அதை விபத்து என்று சொல்லவில்லை. வீரம் என்றது.

மடவளை ஹாஜியார் ஒருவருடைய லொறியில் இவர் இருபது வருசத்துக்கு மேல் ட்ரைவர். நுவரெலியாவுக்குப் போய் மரக்கறி ஏற்றிக்கொண்டு கண்டி மார்க்கெட்டுக்கு இறக்கிவருவதுதான் வேலை. பெரஹரா ஊர்வலம் முடிந்து கொஞ்ச நாளில், வழியில் இறம்பொடை மலை வளைவுகளில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஸ்கூல் வேன் ஒன்று. வலது பக்கம் பள்ளத்தாக்கு. இவர் லொறியை இடது பக்க மலைச்சரிவோடு உரசி உரசிக் கொண்டுபோய் மண்ணுக்குள் குத்தி நிறுத்தினார். ரோடெல்லாம் கோவாவும் லீக்ஸும் கரட்டும். இவருக்கு நெற்றியில் நான்கு தையல். வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பின்னால் வந்த யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். அது ஊர் சுற்றியது. மார்க்கெட்டில் என்னைக் கண்டால், "அக்கா, ஹீரோ எப்புடி இருக்காரு?" என்றார்கள். போஞ்சிக்காய்க்காரர் கால் கிலோ கூடப் போட்டுக் கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பொலிஸ் பார்த்தது, பிரேக் பைப் வெடித்தது என்று எழுதிக்கொண்டது. ஹாஜியார் லொறியைத் திருத்தி எடுத்துவிட்டார். தையலும் ஆறியது. எல்லாம் சரி. ஆனால் ஹீரோ மட்டும் சாவியைத் தொடவில்லை.

ஆளுக்கொரு மருந்து

பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா, "பயந்திருக்காரு. பயந்த மனுசனுக்கு இந்தப் படமெல்லாம் ஆகாது, நிப்பாட்டு" என்றாள். மறுநாள் அவளே வந்து, "முள்ள முள்ளாலதான எடுக்கணும், பாக்க விடு" என்றாள். எதைக் கேட்பது? வைத்தியர் ஓய்வு என்றார். என் அண்ணன் பதுளையிலிருந்து போன் எடுத்து, "ஓய்வு குடுத்தா ஒடம்பு துருப்புடிச்சிரும், வெரட்டி அனுப்பு" என்றான்.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்கள். இங்கே எருது எது, நொண்டி யார் என்றே எனக்குப் பிடிபடவில்லை. லொறிக்குப் பயந்தவர் ஏன் காலையிலிருந்து மாலை வரை லொறியையே பார்க்க வேண்டும்? பயமில்லை என்றால் ஏன் ஓட்டக் கூடாது?

இன்னொன்றையும் கவனித்தேன். படம் முடிகிற இடத்தில், சனம் ஹீரோவைத் தோளில் தூக்குகிற நேரத்தில், டக்கென்று நிறுத்திவிடுவார். எந்தப் படமானாலும் அந்த இடத்தைப் பார்க்க மாட்டார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் ஹாஜியார் த்ரீவீலரில் வந்து இறங்கினார். பேரீச்சம்பழப் பெட்டியை என் கையில் தந்தார்.

"தங்கச்சி, சீனி போடாம பிளேன்டி ஒண்டு தாங்க. செல்லத்துரை, சொகமா ஈக்கிறீங்களா?"

"இருக்கேன் ஹாஜியார்."

"லொறி ரெடியா ஈக்கி. வேற ட்ரைவர்மார் வந்து கேக்கிறாங்க. நான் இன்னம் ஒத்தருக்கும் பதில் செல்லல்ல. இந்த மாசம் முடிய மட்டும் பாக்கிறன். அதுக்குப் பொறகு எனக்கும் ஏலா, வெளங்குதா?"

இவர் தலையாட்டினார். வெளங்குது என்றா, முடியாது என்றா? அந்தத் தலையாட்டலில் இரண்டுமே இருந்தது.

இருபது வருசம் பிடித்த ஸ்டியரிங் இன்னும் பன்னிரண்டு நாளில் இன்னொருவன் கைக்குப் போகப்போகிறது. லொறி போனால் இவரும் அந்தக் கதிரையோடு கதிரையாகிவிடுவார் என்று எனக்குப் பயம் பிடித்தது.

இருண்ட டிவி

அன்றைக்கே டிஷ்ஷின் கார்டைக் கழற்றி மிளகாய்த் தூள் டின்னுக்குள் போட்டேன்.

சத்தம் போடுவார் என்று நினைத்து, பதிலுக்குப் போட வேண்டிய சத்தத்தையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். இருண்ட டிவியைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கால் மிதிக்கத் தொடங்கியது.

படம் இல்லை. லொறி இல்லை. கால் மட்டும் மிதிக்கிறது.

 மிளகாய்த் தூளைத் தட்டித் துடைத்துக் கார்டைத் திரும்பப் போட்டேன். தும்மல் வேறு. "என்ன புள்ள, கார்டுக்குத் தாளிச்சியா?" என்றார். மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் பகிடி. சிரிப்பதா அழுவதா தெரியாமல் தும்மிக்கொண்டே இரண்டையும் செய்தேன்.

பிறகு ஒரு வேலை செய்தேன். இன்னொரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன். நோயாளியை மாற்ற முடியாவிட்டால் நோயையாவது கூட இருந்து பார்ப்போம்.

காட்டாத கியர்

நான்கு நாள் சேர்ந்து பார்த்தோம். வெங்காயம் உரித்துக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டு பார்த்தேன். கேள்வி கேட்டேன். கேட்பதற்கு எனக்கா சொல்லித் தர வேண்டும்?

"ஏங்க, நெருப்புக்குள்ள போனா டயர் உருகாதா?"

"உருகும்."

"அப்ப இவனுக்கு ஏன் உருகல?"

"இவன் ஹீரோ."

ஐந்தாம் நாள் மலை இறக்கப் படம் ஒன்று. பிரேக் போன லொறி. ஹீரோவின் கண்ணைக் காட்டினார்கள். வேர்வையைக் காட்டினார்கள். சக்கரத்தில் நெருப்புப் பொறி, ரோட்டில் ஒரு குழந்தை, திரும்ப ஹீரோவின் கண். இவர் முன்னுக்குச் சாய்ந்து உற்றுப் பார்த்தார். படம் முடிகிற இடம் வந்தது, நிறுத்தினார்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்றேன். எப்படி அந்தக் கேள்வி வந்ததென்று தெரியாது. பார்ப்பவரின் முகமாக அது இல்லை, தொலைத்தவரின் முகமாக இருந்தது.

ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"ஒரு படத்துலயும் கியரக் காட்ட மாட்டேங்கிறான் பவளம்."

"என்ன கியர்?"

"எறங்க ஆரம்பிக்கும்போது எதுல போட்டான்னு. கண்ணக் காட்டுறான், கையக் காட்டுறான், நெருப்பக் காட்டுறான். உச்சியில இருந்து எந்தக் கியர்ல எறங்குனான்னு ஒருத்தனும் காட்டல."

மலை ட்ரைவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. அதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்களோ தெரியாது, வாயிலேயே புழங்குகிறது: லோடோடு எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. அப்படி இறங்கினால் எஞ்சினே லொறியைப் பிடித்துக்கொள்ளும். மேல் கியரில் விட்டால் வேகமாக வரலாம், ஆனால் முழுப் பாரத்தையும் பிரேக் சுமக்க வேண்டும். மிதித்து மிதித்து பிரேக் சூடேறும். சூடேறினால் கடைசியில் பிடிக்காது. இத்தனையும் நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

"நான் ரெண்டுல எறங்கியிருக்கணும்" என்றார். "மூனுல விட்டேன்."

"பைப் வெடிச்சதுன்னுதானே சொன்னாங்க?"

"வெடிச்சதுதான். தானா வெடிச்சிச்சா, நான் சூடேத்தி வெடிச்சிச்சான்னு யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியல. ஊரே ஹீரோங்குது. அந்த வேனுல இருந்த புள்ளைகளோட அப்பா ஒருத்தர் வந்து என் காலத் தொட்டாரு பவளம். நானே மூட்டுன நெருப்ப நானே அணைச்சிட்டு மால வாங்கிக்கிட்டேனோ?"

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. விபத்து நடந்த அன்று மத்தியானம் மேலே தேத்தண்ணிக் கடையில் நின்றவருக்கு நான்தான் போன் எடுத்திருந்தேன். கோயிலில் பூசை, நாலு மணிக்குள்ள வந்துருங்க என்று.

"நான் கூப்பிட்டதாலதானே..."

"சும்மா இரு" என்றார். "நீ கூப்பிட்டது போன்ல. கியர் என் கையில இருந்திச்சு."

அந்த வார்த்தை என்னை ஆற்றியதா, குத்தியதா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் அவர் ஊருக்கு வாய் திறக்காததற்கு என் போனும் ஒரு காரணமோ என்று மட்டும் தோன்றியது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எந்தப் படத்துலயாவது" என்றார், "தப்பான கியர்ல எறங்குனவன் ஒருத்தன் வருவானான்னு பாத்தேன். அதுக்குப் பொறகு அவன் என்ன செய்றான்னு தெரிஞ்சிக்கலாம்னு. வர மாட்டேங்கிறான்."

நீல ட்ரம்

மறுநாள் காலையில் அவரே ஹாஜியாருக்குப் போன் எடுத்தார். "ஒரு விசயம் பேசணும், வரட்டுமா?" என்றார். "நானே வாறன்" என்று பதில் வந்தது.

வந்தது த்ரீவீலரில் அல்ல, லொறியில். ஹாஜியாரே ஓட்டிக்கொண்டு மடவளையிலிருந்து வந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. லொறியைச் சாய்வில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். வேறு ட்ரைவரிடம் கொடுப்பதற்கு முன் கடைசியாகக் காட்ட வந்திருக்கிறார் என்றே நான் நினைத்தேன். பாலில்லாத பிளேன்டியை ஊற்றிக் கொடுத்தேன்.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஸ்கூலில் வாத்தியார் முன்னால் நிற்பது போல, மூன்றாம் கியரையும், உச்சியிலிருந்து இறங்கியதையும், எல்லாவற்றையும். என் போனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "தெரியாமத் தப்பு வந்தா பரவாயில்ல ஹாஜியார். இது தெரிஞ்சே செஞ்சது. லொறிய வேற ஆளுக்குக் குடுங்க" என்று முடித்தார்.

ஹாஜியார் பிளேன்டியைக் குடித்து முடித்தார். 

"எனக்கித் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கராஜ் பாஸ் லொறியக் கழட்டின அண்டைக்கே செல்லிட்டார். பிரேக் ட்ரம் நீலம் பாஞ்சி ஈந்த. தீயில வாட்டின மாதிரி. மேல் கியர்லதான் எறக்கியிருக்கிறாருண்டு செல்லிட்டார். பைப்பும் பழசுதான். அத மாத்தாம வெச்சது என்ட பிழை. ரெண்டும் சேந்துதான் வெடிச்ச."

"அப்ப ஏன் ஹாஜியார் சொல்லல?"

"நான் செல்லியிருந்தா அது ஏசின மாதிரி போயிரும். நீங்களே செல்லட்டும்டு ஈந்தன்." கோப்பையை மேசையில் வைத்தார். "மூணு மாசம் எடுப்பீங்கண்டு நெனக்கல்ல. லொறிக்கி மட்டுமில்ல போல, ஒங்களுக்கும் பிக்கப் கொறவுதான்."

இவர் சிரித்தாரா, தேம்பினாரா? இரண்டும் ஒரே சத்தமாகத்தான் வந்தது.

எனக்கோ ஹாஜியார் மேல் கோபம் வந்தது. தெரிந்தும் மூன்று மாதம் ஒரு மனுசனைக் கதிரையில் காய விட்டிருக்கிறாரே! அதே நேரம் அவர் காலில் விழவும் தோன்றியது. ஒரே ஆளை ஒரே நேரத்தில் திட்டவும் கும்பிடவும் வேண்டியிருந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது?

ஹாஜியார் சாவியை மேசையில் வைத்தார். "மேல ஒருக்கா ஏறி எறங்குவம். தங்கச்சி, நீங்களும் ஏறுங்க. லொறிக்கிப் பாரம் வேணும்."

இறக்கம்

இருபது வருசத்தில் அந்த லொறியின் முன்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நடுவில் நான், ஜன்னல் பக்கம் ஹாஜியார். டீசலும் பழைய கோவா இலையும் கலந்த வாசம்.  தேயிலைக்கு நடுவில், தோட்டத்து லயன் வீடுகளைத் தாண்டி, லொறியைத் திருப்புகிற இடம் வரை ஏறினோம்.

அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். ரோட்டோரம் நின்று கீழே பார்த்தார். டவுனும் வாவியும் பனிமூட்டத்துக்குள் பாதி தெரிந்தன. 

"என்னால ஏலாது ஹாஜியார்" என்றார்.

"சரி" என்றார் ஹாஜியார். இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். "அஸர் தொழுகைக்கு இன்னம் நேரம் ஈக்கி. அவசரமில்ல."

யாரும் அவரை ஊக்கப்படுத்தவில்லை. படத்தில் என்றால் இந்த இடத்தில் ஒரு பாட்டு வந்திருக்கும். எங்களுக்கு ரத்தம் குடிக்கிற அட்டைதான் வந்தது. ஹாஜியார் செருப்பைக் கழற்றி அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கொழுந்துச் சாக்கோடு போன பெண்கள், "என்னண்ணே, லொறி நின்னுபோச்சா?" என்று கேட்டார்கள். "லொறி நிக்கல தங்கச்சி, ட்ரைவர்தான் நின்னுட்டேன்" என்றார் இவர். அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து ஏறினார்.

கியரை இரண்டில் போட்டார். கையை எடுத்தார். எடுத்த பிறகும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இறங்கினோம். நடந்து வந்திருந்தால் முந்தியே வந்திருப்போம். எஞ்சின் முக்கி முனகி லொறியைப் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் வளைவில் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்து அடித்துக் கடைசியில் முந்தியது. கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, "அண்ணே, வண்டி ஓடுதா, தள்ளிக்கிட்டு வாறீங்களா?" என்று கத்தினான்.

"தள்ளிக்கிட்டுதான் வாறோம், எறங்கி ஒரு கை புடி!" என்று இவர் ஜன்னல் வழியே திருப்பிக் கத்தினார். அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

எங்கள் வாசலில் லொறி நின்றது. ஹாஜியார் சாவிக்காகக் கையை நீட்டவில்லை. த்ரீவீலர் பிடிக்கப் போகிறவர் போலக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"நாளைக்கி எங்க லோட்?" என்று இவர் கேட்டார்.

மூன்று மாதமாக எந்த வார்த்தைக்காக நான் சாமியை வேண்டினேனோ, அந்த வார்த்தை. கேட்டவுடன், வேண்டாங்க, போகாதீங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சந்தோசமா, பயமா, எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இறம்பொடையைத் தவிர வேறு வழியால் நுவரெலியாவுக்குப் போக முடியாதா என்றுகூடக் கேட்கப் பார்த்தேன்.

"நுவரெலியாதான்" என்றார் ஹாஜியார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவரிடம் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"விடிய எத்தன மணிக்குப் போறீங்க? சோறு கட்டணும்."